ஈப்போவில் ஒரு புதையல் வேட்டை



ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகளின் நச்சரிப்பும் கூடவே வந்துவிடுகிறது. "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்க!" என்று காலையிலேயே தொடங்கிவிடுவார்கள். நாமும் பேரங்காடிக்கு அழைத்துப் போகிறோம். குளிர்சாதனக் காற்றில் நடக்கிறோம். கோழிப் பொரியல் வாங்கிக் கொடுக்கிறோம். அவர்கள் விளையாட்டு எந்திரத்தின் முன்னே நின்றுகொள்ள, நாம் நாற்காலி தேடி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறோம். வீடு திரும்பும்போது பையில் ஐம்பது அறுபது வெள்ளி குறைந்திருக்கும். அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று பிள்ளையைக் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் வாழும் ஊரிலேயே எத்தனையோ புதையல்கள் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு தாளும் ஒரு பென்சிலும் தேய்ந்த செருப்பும் போதும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் உளி பிடித்தேன். எங்களுக்கெல்லாம் ஈப்போ என்றால் மூன்றே காரியங்கள்: பெரிய ஆஸ்பத்திரி, தீபாவளித் துணி, சினிமாப் படம். லோரியில் ஏறி வருவோம். வந்த காரியம் முடிந்ததும் லோரியில் ஏறிப் போவோம். வெள்ளை வெளேரென்ற அந்தப் பெரிய கட்டடங்களை அண்ணாந்து பார்ப்போமே தவிர, அவற்றின் படியில் கால் வைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அது யாரோ பெரிய மனிதர்களின் பட்டணம். நாம் வந்து போகிறவர்கள். அப்படித்தான் எங்கள் மனத்தில் பதிந்திருந்தது.

தோட்டம் கைமாறிச் செம்பனை வந்த பிறகு நாங்களும் பட்டணத்துத் தாமான் வீட்டுக்கு வந்தோம். என் பேரப்பிள்ளைகள் மூவரும் இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் பிறந்த ஊரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எனக்கு அன்று தெரிந்ததைவிடக் குறைவு. காரில் ஏறினால் கைப்பேசி, இறங்கினால் பேரங்காடி. தோட்டமும் தெரியாது, பட்டணமும் தெரியாது என்று ஆகிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எதைத் தங்கள் ஊர் என்று சொல்வார்கள்? அந்தக் கவலையில்தான் இந்த விளையாட்டைத் தொடங்கினேன்.

பழைய விளையாட்டுதான்

புதையல் வேட்டை என்பது புதிய சங்கதி அல்ல. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854ஆம் ஆண்டில் ஒரு சேற்றுக் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருந்து பெட்டி ஒளித்துத் தேடும் பழக்கம் பரவியது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்து வைத்து, செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பை மட்டும் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பல இலட்சம் பேர் கைப்பேசியை வைத்துக்கொண்டு அப்படித் தேடி அலைகிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. லயத்து வாசலில் சாயங்கால வேளையில் நம் பாட்டிமார் போட்ட விடுகதைகள் இருக்கின்றனவே! விடுகதைக்கு விடை வாயில் இருக்கும்; புதையல் வேட்டையில் விடை தெருவில் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். நான் ஆறு விடுகதைகளைச் சொந்தமாகக் கட்டி, ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி மடித்து, பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். வழிகாட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. முதல் விடையைக் கண்டுபிடித்தால்தான் இரண்டாவது தாளைப் பிரிக்கலாம்.

விடுகதைகளைத் தமிழில்தான் எழுதினேன். மூவரில் மூத்தவள் தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் சின்னவன்தான் அன்று தலைவன். அவன் படித்தால்தான் அக்கா நடக்க முடியும். எப்போதும் அக்காவிடம் குட்டு வாங்குகிறவனுக்கு அந்தக் காலைப் பொழுதில் இருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

ரயில் நிலையத்து வாசலில்

"பால் வடிப்பான், பால்மரம் இல்லை. வெட்டினால் சம்பளம் இல்லை, விஷம்தான். ஊருக்கே பேர் கொடுத்தவன், ரயிலுக்குக் காத்து நிற்கிறான். அவன் யார்?"

இது முதல் விடுகதை. விடை, ரயில் நிலையத்தின் எதிரே பூங்காவில் நிற்கும் ஈப்போ மரம். இந்த ஊருக்குப் பெயர் வந்தது இந்த மரத்தால்தான். பட்டையைக் கீறினால் வடியும் பால் கொடிய நஞ்சு. ஓராங் அஸ்லி மக்கள் அதைத் தங்கள் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவி வேட்டையாடினார்கள். பிள்ளைகள் மரத்தைத் தொடாமல் பார்க்க வேண்டும், அவ்வளவே. பால் வடியும் மரத்தை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்த நமக்கு, ஊரின் பெயரிலேயே இன்னொரு பால் மரம் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

மரத்துக்கு நேரே நிற்கிறது ரயில் நிலையம். 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைக் குவிமாடங்களைப் பார்த்து இதை ஈப்போவின் தாஜ்மகால் என்பார்கள். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஆங்கிலேயர். எதிரே இருக்கும் நகர மண்டபமும் அவர் கைவண்ணமே. வரைந்தவர் அவர், தண்டவாளம் போட்டவர்களில் நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர்! என் தாத்தா பினாங்கில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறித்தான் பேராக்கின் பால்மரக் காட்டுக்கு வந்தார். அதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "தாத்தாவோட தாத்தா இங்க வந்தாரா?" என்று நடைமேடையை உற்றுப் பார்த்தார்கள். வீட்டில் இதையே பத்து முறை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் காதில் ஏறவில்லை.

பூங்காவில் ஒரு போர் நினைவுச் சின்னமும் இருக்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட பேராக் வீரர்களுக்காக 1927இல் திறக்கப்பட்டது. பிறகு வந்த போர்களில் இறந்தவர்களுக்கும் அதில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, சயாம்–பர்மா ரயில் பாதையில் உழைத்து மாண்டவர்களை நினைவுகூருவது. ஜப்பானியர் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையில், 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டை வெட்டிப் போட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளின் துயரத்தைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் ஏராளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் மாண்ட கதை வெகுநாள் வரை லயத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

எங்கள் பெரியப்பாவும் அப்படிப் போனவர்தான். போனவர் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. என் அப்பாயி கண்மூடும்வரை அவருக்குப் படையல் போட விடவில்லை. "எம் புள்ள செத்தத யாரு பார்த்தா?" என்று கேட்பாள். யாராலும் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது தாளுக்கு விடையாக அந்தப் பலகையைத்தான் வைத்திருந்தேன். சின்னவன் விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரு ஒண்ணும் போடலையே பாட்டி?" என்றான். அத்தனை பேருக்கும் பெயர் எழுத எந்தக் கல்லும் போதாது என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, பெரிய தாத்தாவின் பெயரை என்னிடம் கேட்டு, விடைத்தாளில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டான். எண்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வெளியே எங்கும் எழுதப்படாத பெயர் அது. அந்தத் தாளை நான் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தெருப்பலகையைப் படியுங்கள்

நகர மண்டபத்தைக் கடந்து நடந்தால் மணிக்கூண்டு. "கொல்லப்பட்டவருக்குக் கோபுரம், கொன்றவருக்குத் தெரு, இரண்டும் ஒரே இடத்தில்" என்று எழுதியிருந்தேன். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909இல் எழுந்தது இந்த மணிக்கூண்டு. கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் டத்தோ சாகோர். மணிக்கூண்டு நிற்கும் தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். வெள்ளையர் குற்றவாளி என்றவரை நாடு விடுதலை வீரர் என்கிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்து நியாயத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதைவிட நல்ல சரித்திரப் பாடம் எங்கே கிடைக்கும்?

மணிக்கூண்டின் சுவரில் உலக நாகரிகத்தை வளர்த்தவர்கள் என்று 44 உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். புத்தர் இருக்கிறார், ஷேக்ஸ்பியர் இருக்கிறார். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணி முடித்ததும் பேத்தி கேட்டாள்: "இதுல மரம் வெட்டுன ஆளு, ரோடு போட்ட ஆளு யாருமே இல்லையா பாட்டி?" இல்லைதான். அவளை அடுத்த தாளைப் பிரிக்கச் சொன்னேன்.

"தோட்டத்தைத் துண்டு போட்டபோது, துண்டு துண்டாய்ச் சேர்த்துத் தோட்டம் வாங்கச் சொன்னவர். அவர் பெயரில் நடக்கிறீர்கள்."

விடை, ஜாலான் துன் சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ.தி. சம்பந்தன், நாட்டின் அமைச்சராக உயர்ந்தவர். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். லயம் லயமாகப் போய் உறுப்பினர் சேர்த்தார். நம்மில் பலர் வீட்டுப் பெட்டிகளில் அந்தப் பங்குச் சான்றிதழ் இருந்திருக்கும்.

அங்கிருந்து ஈப்போ திடலைச் சுற்றி நடந்தால், ஒரு பக்கம் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல். அருகே செயின்ட் மைக்கேல் பள்ளி. அந்தப் பள்ளி இருக்கும் சாலையின் பெயர் ஜாலான் எஸ்.பி. சீனிவாசகம். எஸ்.பி., டி.ஆர். என்ற இரு சகோதரர்களும் இந்த ஊரின் பேர்பெற்ற வழக்கறிஞர்கள். 1953இல் மக்கள் முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்கள். தம்பி டி.ஆர். 1969இல் காலமானார். அவர் பெயரில் ஒரு பூங்காவே ஈப்போவில் இருக்கிறது.

பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நாற்பது வருடம் அந்தச் சாலை வழியாகப் போய் வந்தவள் நான். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் நின்று, நிதானமாக, வாய்விட்டுப் படித்தேன்.

கடைசித் தாள் சுவர் ஓவியங்களைத் தேடுவது. லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச் 2014இல் பழைய பட்டணத்துச் சுவர்களில் வரைந்தவை: கோப்பிக் குவளை ஏந்திய முதியவர், காகித விமானத்தில் பறக்கும் சிறுவர்கள், இன்னும் சில. வெயிலும் மழையும் பட்டு நிறம் மங்கிய ஓவியத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி இன்பம். கடைசியில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஐஸ் காச்சாங். அதுதான் அன்றைய புதையல் பெட்டி. மொத்தச் செலவும் அதுதான்.

நீங்களும் செய்யலாம்

இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டாம். சில காரியங்களை மட்டும் கவனியுங்கள்.

முதலில், பெரியவர்கள் ஒரு முறை தனியாகப் போய் நடந்து பார்த்துவிட வேண்டும். எங்கே நிழல் உண்டு, எங்கே சாலையைக் கடப்பது, எங்கே கழிப்பறை என்று தெரிந்திருக்க வேண்டும். ஈப்போ வெயில் பொல்லாதது. மத்தியானத்துக்கு மேல் மழையும் கொட்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு முடித்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம்.

ஐந்தாறு விடுகதைக்கு மேல் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு எண்ணுவதும் படம் வரைவதும் கொடுங்கள்; பெரிய பிள்ளைக்கு ஆண்டையும் பெயரையும் தேடச் சொல்லுங்கள். யார் முதலில் என்ற போட்டியை மட்டும் வைக்காதீர்கள். போட்டி வந்தால் ஓட்டம் வரும்; ஓட்டம் வந்தால் சாலையில் ஆபத்து. எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்தால்தான் அடுத்த தாள் என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளை வழி தவறி வேறு தெருவுக்குள் திரும்பினால் உடனே தடுக்காதீர்கள். பின்னாலேயே நடங்கள். தானே பலகையைப் பார்த்துத் திரும்பி வரட்டும். கிழக்கு மேற்கு தெரிவது அப்படித்தான்.

தோட்டத்துப் புதையல்

பட்டணம் முடிந்ததும் தோட்டத்துப் பக்கம் போனோம். பத்து காஜா போகும் வழியில் கெல்லி மாளிகை இருப்பது உங்களுக்குத் தெரியும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் பெரிதாகக் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை அது. எல்லாரும் மாளிகையைப் பார்த்துவிட்டுப் பேய்க்கதை பேசிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாளில், "சாமிகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரை எங்கே?" என்று எழுதியிருந்தேன்.

விடை, சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயில். மாளிகை வேலைக்கு வந்த தமிழர்களிடையே கொள்ளைக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டபோது, மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. நன்றி மறவாத நம்மவர்கள் கோயில் கூரையில் தெய்வங்களோடு துரையின் உருவத்தையும் வைத்தார்கள். மாளிகையில் யாரும் குடியிருக்கவில்லை. கூலிக்காரர்கள் கேட்டு வாங்கிய கோயிலில் விளக்கு எரிந்தது. இதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கிச் சொல்லவில்லை; இரண்டையும் பார்த்த பிறகு அவர்களே பேசிக்கொண்டார்கள்.

வசதியுள்ளவர்கள் கோலகங்சார் வரை போகலாம். பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் 1877இல் இங்கே வந்தன. அவற்றுள் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே வேலிக்குள் நிற்கிறது. நம்மைக் கடல் கடந்து வரவழைத்த மரம் இதுதான் என்று பிள்ளைக்குக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் சொந்தத் தோட்டம் இருக்கிறது. செம்பனைக்குள் நுழைவதற்கு நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கோயில் திருவிழா நாளில் போனால் இன்னும் சுலபம். எங்கள் தோட்டத்தில் லயம் இல்லை, ஆயக்கொட்டகை இல்லை, பால் ஸ்டோர் இல்லை. ஆனாலும் விடுகதை போட்டேன்: "விடியுமுன் நூறு பேர் நின்ற இடம், பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்ற இடம், இன்று கூப்பிட ஆளில்லை."

பெரட்டுக் களத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தேடினார்கள். புல்லுக்கடியில் ஒரு சிமெண்டுப் படி தட்டுப்பட்டது. அதன் மேல் நின்று சின்னவன் கிராணி போலக் குரலை உயர்த்தி என் பெயரைக் கூப்பிட்டான். நான், "இருக்கேன்!" என்றேன்.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எந்த மரத்தடியில் கல்யாணப் பேச்சு நடந்தது, எந்தத் தெருவில் முதல் தீபாவளிச் சட்டை வாங்கினார்கள் என்று அவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். வேட்டைக்கு வேண்டிய வரைபடம் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் இடம் இருக்கும், இடத்தின் பெயர் இருக்காது. ஆறு தாள் வெட்டுங்கள். ஒரு பென்சிலைச் சீவுங்கள். வருகிற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை முன்னே நடக்க விட்டு, நீங்கள் பின்னால் போங்கள்.